வேலை செய்த மெம்பர் ஏன் திரும்பி வருவதில்லை? அமெரிக்காவில் மட்டும் எப்படிப் பத்தில் ஒன்பது பேர் வருகிறார்கள்?

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பு 13-இல் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். 2025 மே மாதத்து மாநகர சபைத் தேர்தல் முடிந்து இத்தனை நாளாகியும் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே அரசியல் தெரிந்த ஆட்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் 2018-இல் வென்று வந்த மெம்பர் உண்மையாகவே வேலை செய்தவர். மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையில் கான் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வரும், அந்தக் கானைத் தோண்டித் துப்புரவாக்க வைத்தார். குப்பை லொறி இத்தனை மணிக்கு வரும் என்று ஒரு ஒழுங்கு வந்ததும் அவருடைய காலத்தில்தான். 2020 ஒக்டோபருக்குப் பிறகு கொரோனாவால் கொட்டாஞ்சேனையை முடக்கி வைத்திருந்த வாரங்களில் யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல் அரிசி, பருப்பு, சீனி என்று வீடு வீடாகக் கொண்டுவந்து தந்தார். என் அம்மாவின் பிரஷர் குளிசையை எங்கிருந்தோ தேடி வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த மனிதர் 2025 மே 6-ஆம் திகதி தோற்றுவிட்டார். வென்றவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, ஆனால் வாக்களிக்கப் போகும் நாள்வரை அவருடைய பெயர்கூட எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன், "நான் சின்னத்துக்குத்தானே பிள்ளை புள்ளடி போட்டேன்" என்கிறார். அதே அக்கா வீட்டுக்கும் முடக்கக் காலத்தில் அரிசி போனது.

இதைப் பற்றி நியூ ஜேர்சியில் இருக்கும் என் தம்பியிடம் போனில் சொல்லிக் கவலைப்பட்டேன். அவன் சொல்கிறான், அங்கே மாநில சட்டசபைக்கும் சரி, ஊர் சபைகளுக்கும் சரி, ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வென்றுவிடுவார்களாம். இது உண்மையா? உண்மை என்றால் அந்தச் சனம் வேலையை மதிக்கிறது, நாங்கள் நன்றி கெட்ட ஆட்கள் என்று அர்த்தமா? எங்கள் நாட்டில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?

மெம்பர் இனித் தேர்தல் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் ஆறுதலுக்காக எதையாவது சொல்ல எனக்கு விருப்பமில்லை, உண்மையான பதில் வேண்டும்.

—

கடற்கரை வீதி எழுதியது:

அக்கா, உங்கள் தம்பி சொன்னது சரி. நான் மாசச்சூசெட்ஸில் பதினான்கு வருடம் இருந்து, அங்கே வாக்களித்து, அம்மாவைப் பார்ப்பதற்காக வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தவன். பாலட்பீடியா என்று ஒரு தளம் அங்கே இந்தக் கணக்கை விடாமல் எடுத்து வருகிறது. 2020, 2022, 2024 மூன்று தேர்தல்களிலுமே மறுபடி போட்டியிட்ட பதவியாளர்களில் 90%க்கு மேல் வென்றார்கள். ஆளுநர்களும் அப்படித்தான். 2022-இல் 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தல் நடந்தது, பதவியில் இருந்துகொண்டு தோற்றவர் நெவாடாவின் ஸ்டீவ் சிசோலாக் ஒருவர் மட்டுமே.

ஆனால் இதை வைத்து அங்கே சனம் நன்றியுள்ளது, இங்கே இல்லை என்று தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள். முதலில் அந்தக் கணக்கு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். மறுபடி நின்றவர்களை மட்டும்தான் எண்ணுகிறது. நூறு ஆசனம் என்று வைத்துக்கொள்வோம், இருபது பேர் வயதாகிவிட்டது, வேறு பதவிக்குப் போகிறேன், இந்த முறை தோற்றுவிடுவேன் போலிருக்கிறது என்று ஏதோ ஒரு காரணத்தால் நிற்கவில்லை. மிச்சம் எண்பது பேர் நின்று நான்கு பேர் தோற்கிறார்கள். செய்தியில் 95% வெற்றி என்று வரும், சபையில் பார்த்தால் இருபத்து நான்கு புது முகம் இருக்கும். தோல்வி வரும் என்று மணம் பிடித்தவர் முன்னமே விலகிவிடுவதால் அந்த விகிதம் எப்போதும் அழகாகவே தெரியும்.

அடுத்தது, எதிரில் ஆளே இல்லாமல் வெல்வது. அங்கே மாநில சட்டசபை ஆசனங்கள் மொத்தம் 7,300க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு தேர்தலிலும் அவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கில், சில வருடம் அதைவிடவும் கூட, இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று வேட்பாளரையே நிறுத்தாது. நான் இருந்த தொகுதியில் வாக்குச்சீட்டைத் திறந்தால் மாநில சபைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே 'மீண்டும் தெரிவாக நிற்பவர்' என்று அச்சடித்திருப்பார்கள், மாசச்சூசெட்ஸில் அது சட்டப்படி நடப்பது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. இங்கே வாக்குச் சாவடிக்குள் மெம்பர் இன்னார் என்று ஒரு நோட்டீஸ் கிடந்தாலே பிரச்சினையாகிவிடும்.

அதோடு எல்லை. பெரும்பாலான மாநிலங்களில் பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசன மதிப்பு முடிந்ததும் தொகுதி எல்லையைக் கீறுவது அதே மாநில சட்டசபைதான். தன் வீட்டு மதிலைத் தானே கட்டிக்கொள்கிற மாதிரி. அப்படிக் கீறிய தொகுதி ஒரு கட்சிக்கு உறுதியாகிவிட்டால் உண்மையான போட்டி கட்சிக்குள் நடக்கும் முன்தேர்தலில்தான், அதற்குக் கொஞ்சப் பேர்தான் போய் வாக்களிப்பார்கள். ஊர் சபை, பாடசாலைச் சபை மாதிரித் தேர்தல்களைப் பல இடங்களில் பெரிய தேர்தல் இல்லாத வருடத்தில் வைப்பதால் பல நகரங்களில் கால் பங்கு வாக்காளர்கூட வருவதில்லை. வருகிறவர்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் ஏற்கெனவே பதவியில் இருப்பவருடையதாக இருக்கும். அவருக்குத்தான் நன்கொடையும் வரும்.

அங்கேயும் இதை நல்ல விஷயமாக எல்லாரும் பார்ப்பதில்லை. போதும், இறங்குங்கள் என்று சட்டம் போட்ட இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில் 1990-இல் மக்களே வாக்களித்து மாநில சட்டசபை உறுப்பினர்களுக்குக் காலவரம்பு வைத்தார்கள், இப்போது 16 மாநிலங்களில் அப்படி இருக்கிறது. மேயர்கள் விஷயத்தில் மட்டும் சனம் கொஞ்சம் கண்டிப்பு, ஏனென்றால் மேயரின் முகம் எல்லாருக்கும் தெரியும், குற்றச்செயல் கூடினாலும் பனி அள்ளாவிட்டாலும் அவரைத்தான் திட்டுவார்கள். 2023-இல் சிகாகோவில் லோரி லைட்ஃபுட் இரண்டாம் சுற்றுக்கே வராமல் தோற்றார், அந்த நகரத்தில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த மேயர் ஒருவர் மறுபடி நின்று தோற்றது 1983க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோ மேயரும் தோற்றார்.

உங்கள் மெம்பரை அந்த 90% கணக்கோடு ஒப்பிடாதீர்கள் அக்கா. அந்த விகிதத்துக்குள் வேலை செய்த ஆளும் இருக்கிறார், வேலையே செய்யாமல் எதிரில் ஆளில்லாததால் வந்தவரும் இருக்கிறார்.

—

பழைய லிகிதர் எழுதியது:

மாநகர சபையில் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கடற்கரை வீதி தம்பி அமெரிக்காவைப் பற்றி விளக்கமாகச் சொன்னார், நான் நகர மண்டபத்தில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கொழும்பில் 1997, 2002, 2006, 2011, 2018, 2025 என்று ஆறு மாநகர சபைத் தேர்தல்கள் நடந்தன. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு புது மேயர். கரு ஜயசூரிய, பிரசன்ன குணவர்தன, உவைஸ் முகம்மது இம்தியாஸ், முஸம்மில், ரோசி சேனாநாயக்க, இப்போது வ்ராய் கெலி பல்தசார். இவர்களில் ஒருவர்கூட அடுத்த தேர்தலில் வென்று மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவில்லை. மேயர் என்ற ஆளை மட்டும் எண்ணினால் திரும்பி வந்த விகிதம் பூச்சியம்.

ஆனால் கட்சியை எண்ணிப் பாருங்கள். 1997-இலிருந்து 2025 வரைக்கும் அந்தச் சபை யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சியின் கையைவிட்டுப் போகவில்லை. 2006-இல் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனுவே நிராகரிக்கப்பட்டது. உடனே கட்சி என்ன செய்தது? மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்குப் போடச் சொன்னது. சனம் போட்டது, அந்தக் குழு வென்றது, ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்த இம்தியாஸ் மேயரானார். எளிய மனிதர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை நான் மதிக்கிறேன், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. வாக்காளர் ஆளைப் பார்த்துப் போடவில்லை, கட்சி எந்தப் பக்கம் கை காட்டியதோ அந்தப் பக்கம் போட்டார்கள். 2025-இல் அந்தக் கை காட்டல் மாறியது, தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னம் வந்தது, அவ்வளவுதான். அப்படியும் 117 ஆசனத்தில் அவர்களுக்கு 48தான் கிடைத்தன. ஜூன் 16-ஆம் திகதி இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்ற கணக்கில்தான் மேயர் தெரிவானார்.

2011 வரைக்கும் விருப்பு வாக்கு இருந்ததே, அது தனிக் கதை. கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சிக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. அதனால் பதவியில் இருப்பவருக்குப் பெரிய எதிரி வேறு கட்சியில் இல்லை, தன் போஸ்டருக்கு மேல் போஸ்டர் ஒட்டுகிற சொந்தக் கட்சிக்காரர்தான். 2011 ஒக்டோபர் 8, வாக்களிப்பு நாளன்றே முல்லேரியாவில் ஒரே கட்சியின் இரண்டு தரப்பு சுட்டுக்கொண்டதில் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவோடு நான்கு உயிர் போனது. அந்த முறையை மாற்றி வட்டாரம் கொண்டுவந்ததற்கு இந்த மாதிரி இரத்தமும் ஒரு காரணம். எங்கள் வட்டாரத்துக்கு ஒரு ஆள், அவரை நாங்கள் கேள்வி கேட்கலாம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

பெரிய பெயர்களும் தப்பவில்லை. 1977-இலிருந்து பாராளுமன்றத்தில் இருந்த ரணில் விக்கிரமசிங்க 2020-இல் கொழும்பு மாவட்டத்தில் தோற்றார், அவருடைய கட்சிக்கு மாவட்டத்தில் ஓர் ஆசனம்கூட இல்லை. 2024-இல் மனோ கணேசன் தோற்றுத் தேசியப் பட்டியலால் உள்ளே போனார்.

மாகாண சபையைப் பற்றியும் கேட்டால், மேல் மாகாணத்தில் முதலமைச்சர் திரும்பி வந்தது உண்டு. பிரசன்ன ரணதுங்க 2009-இலும் வந்தார், 2014-இலும் வந்தார். அதற்குப் பிறகு யார் திரும்பி வந்தார் என்று கேட்க முடியாது, தேர்தலே இல்லையே. கடைசி மாகாண சபைத் தேர்தல் 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்தது. 2017-இல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2018-இல் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது, அப்படியே நிற்கிறது. வடக்கில் 2013-இல் முதலமைச்சரான விக்னேஸ்வரனுக்கு 132,255 விருப்பு வாக்கு விழுந்ததே, அந்த வாக்காளர்களுக்கு அவர் செய்தது சரியா பிழையா என்று மாகாண சபைத் தேர்தலில் சொல்ல ஒரு தரம்கூடச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அது எனக்குத் தோல்வியைவிடக் கவலையான விஷயம்.

—

மட்டக்குளி மலர் எழுதியது:

லிகிதர் ஐயா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் வட்டாரத்தில் நிற்காமல் கட்சிப் பட்டியலில் பெயர் இருந்த ஆள் நான். 2018-இல் மேலதிகப் பட்டியலில் போட்டார்கள். வட்டாரத்தில் வெல்பவர்கள் 60%, மற்ற 40% கட்சிக்கு விழுந்த வாக்கைப் பொறுத்துக் கட்சி பெயர் குறித்துக் கொடுப்பது. பெண்களுக்கு 25% ஒதுக்கியதால்தான் என் மாதிரி ஆட்களைத் தேடி வந்தார்கள், அதற்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள், 2018-இல் அது 20%க்கு மேல் போனது. அந்தச் சட்டத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

ஆனால் கவனியுங்கள், பட்டியலில் வந்த ஆளை மறுபடி அனுப்பவோ வேண்டாம் என்று சொல்லவோ வாக்காளருக்கு வழியே இல்லை. நான் ஐந்து வருடம் உழைத்தேனா, வீட்டில் படுத்துக் கிடந்தேனா என்பதற்கு எந்த வாக்குச்சீட்டிலும் இடமில்லை. கட்சிச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வட்டாரத்தில் தோற்றவரைக்கூடப் பட்டியல் வழியாக உள்ளே எடுக்கலாம். வட்டாரத்தில் நிற்பவருக்கும் முழுச் சுதந்திரம் இல்லை, வாக்குச்சீட்டில் இருப்பது கட்சியின் பெயரும் சின்னமும், ஆளின் பெயர் இல்லை. சின்னத்துக்குத்தான் போட்டேன் என்று உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது உள்ளபடி சரி தங்கச்சி, அவருக்கு முன்னால் இருந்தது சின்னம் மட்டும்தான்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. 2025-இல் உங்கள் மெம்பர் "பதவியில் இருந்தவர்" என்று சொல்லவே முடியாது! எங்கள் எல்லாருடைய காலமும் 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிந்தது. அந்த மாதம் 9-ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று நின்றுபோனது. அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் சபையே இல்லை, ஆணையாளர்தான். அந்த இரண்டு வருடமும் ஆட்கள் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், லைட் எரியவில்லை, கான் அடைத்துவிட்டது என்று. எனக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை, போன் எடுத்தால் கேட்க ஆள் இல்லை. "அக்கா முன்னமெல்லாம் செய்தீர்கள், இப்போது மாறிவிட்டீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அமெரிக்காவில் பதவியில் இருப்பவருக்குத் தேர்தல் நாள்வரை அலுவலகம், ஆட்கள், பெயர் எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது பழைய வாக்குறுதிகள் மட்டும்.

2023-க்கு வேட்புமனு கொடுத்துச் செலவழித்த காசும் போனது, அந்த வேட்புமனுக்கள் எல்லாவற்றையும் 2025-இல் சட்டம் போட்டு இரத்துச் செய்தார்கள். புதிதாகப் பட்டியல் தயாரித்தபோது நான் இருந்த கட்சி என்னைக் கூப்பிடவே இல்லை. ஏன் என்று கேட்டேன், இளைய முகம் தேவை என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் பதிலே சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒரு மெம்பர் தோற்றார் என்றால் சனம் சொன்னது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். என்னைச் சனம் ஒன்றுமே சொல்லவில்லை, அவர்களிடம் கேட்கவே இல்லை.

—

மூன்றாம் வருடம் எழுதியது:

வணக்கம். நான் அரசறிவியல் படிக்கிறேன், இந்த இழை பாடப் புத்தகத்தைவிடப் பிரயோசனமாக இருக்கிறது. இரண்டு விஷயம் சொல்லலாமா.

ஒன்று, அமெரிக்காவை மட்டும் பார்த்தால் பதவியில் இருப்பது எப்போதும் பலம் என்று தோன்றும். இந்தியாவைப் பாருங்கள். அங்கே மாநில சட்டமன்றத் தேர்தல்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், சொற்ப வித்தியாசத்தில் வென்றவரையும் சொற்ப வித்தியாசத்தில் தோற்றவரையும் எடுத்து அடுத்த தேர்தலில் இருவரும் என்ன ஆனார்கள் என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். பதவியில் இருந்தவருக்குத்தான் பாதகம் என்று வந்தது. தமிழ்நாடு எங்களுக்குத் தெரிந்த கதைதானே. 1984-இல் எம்.ஜி.ஆர் திரும்பி வந்த பிறகு 2016-இல் ஜெயலலிதா வரும்வரை எந்த ஆளுங்கட்சியும் தொடர்ந்து இரண்டாம் முறை வரவில்லை. அதே ஜெயலலிதா 1996-இல் முதலமைச்சராக இருந்துகொண்டே பர்கூர் தொகுதியில் தோற்றவர். கேரளாவிலும் கிட்டத்தட்ட நாற்பது வருடம் மாறி மாறி வந்து 2021-இல்தான் அது உடைந்தது. கையில் காசும் அதிகாரமும் குறைந்த சட்டமன்ற உறுப்பினர் மேல் தண்ணீர், ரோடு, வேலைவாய்ப்பு என்று சுமை முழுவதையும் ஏற்றினால் ஐந்து வருடத்தில் அவர் மேல் எரிச்சல்தான் மிஞ்சும். எங்கள் மாநகர சபை மெம்பர் நிலையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கான் அவருடையது, ஆனால் அந்தக் கானில் வந்து விழும் வெள்ளம் முழு நகரத்துடையது.

இரண்டாவது, கொட்டாஞ்சேனை அக்காவின் உண்மையான கேள்விக்கு வழி இருக்கிறது. அவர் வென்றாரா தோற்றாரா என்று பார்த்தால் அலைதான் தெரியும். 2018-இல் மொட்டுச் சின்னத்துப் பொதுஜன பெரமுன நாடு முழுக்க 40% எடுத்து 340 சபைகளில் 230க்கு மேல் பிடித்தது, 2025-இல் அது 9% அளவுக்கு இறங்கியது. தேசிய மக்கள் சக்தி 339 சபைகளில் 260க்கு மேற்பட்ட இடங்களில் முதலாவதாக வந்தது. இப்படிப்பட்ட அலையில் தனி ஆள் எவ்வளவு உழைத்தாலும் நிற்க முடியாது. அதனால் வேறு மாதிரிப் பாருங்கள். உங்கள் வட்டாரத்தில் அவருடைய கட்சிக்கு 2018-இல் விழுந்த பங்கு எவ்வளவு, 2025-இல் எவ்வளவு? பக்கத்து வட்டாரங்களில் அதே கட்சி எவ்வளவு சரிந்தது? தேர்தல்கள் ஆணைக்குழுவின் முடிவுகளில் வட்டாரம் வட்டாரமாக இருக்கிறது, இரண்டு தேர்தலும் ஒரே எல்லையில் நடந்தவை. பக்கத்து வட்டாரங்களைவிட உங்கள் வட்டாரத்தில் சரிவு குறைவாக இருந்தால், அந்த இடைவெளி அவர் சம்பாதித்தது. முழுக்கத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன், 2018-இல் அவர் நின்ற கட்சி பிறகு பிளந்திருந்தால் கணக்கில் கவனம் தேவை, எதிரில் நின்றவர்கள் யார் என்பதும் மாற்றும். ஆனாலும் வென்றார், தோற்றார் என்பதைவிட இது நேர்மையான அளவுகோல்.

எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்குக்கும் வர்த்தமானி இருக்கிறது. 2018-இல் தெரிவானவர்கள் பெயர் ஒரு பக்கம், 2025 பெயர்கள் ஒரு பக்கம். நடுவில் 2025-இல் வேட்புமனு கிடைத்ததா என்ற ஒரு நிரல் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மலர் அக்கா மாதிரி ஆட்களை மக்கள் தோற்கடித்தார்கள் என்று பிழையாக எழுதிவிடுவோம்.

—

கடற்கரை வீதி எழுதியது:

அந்த நடு நிரல் மிக முக்கியம் தம்பி. அமெரிக்கக் கணக்கில் விடுபடுவதும் அதேதான், நிற்காதவர் ஏன் நிற்கவில்லை என்பது. மலர் அக்கா, உங்களுக்கு நடந்தது நியாயமில்லை. அங்கே கட்சி ஒதுக்கினாலும் முன்தேர்தலில் நின்று சனத்திடம் நேரே கேட்க ஒரு வழியாவது உண்டு, இங்கே அது இல்லை.

கொழும்புப் பெயர்களை ஒப்பிட நான் உதவுகிறேன், இரவில் எனக்கு நேரம் இருக்கிறது.

—

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

எல்லாருக்கும் மனதார நன்றி. இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மலர் அக்கா, உங்கள் பதிவை வாசித்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வட்டாரத்திலும் அந்த இரண்டு வருடம் மெம்பர் எங்கே என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அவருக்கு அப்போது பதவியே இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் வருடம் தம்பி சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மகளோடு உட்கார்ந்து எங்கள் வட்டாரத்தையும் சுற்றியுள்ள நான்கு வட்டாரத்தையும் எழுதினேன். அவருடைய கட்சி எல்லா இடத்திலும் சரிந்திருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் மட்டும் சரிவு குறைவு, மற்ற நான்கோடும் ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். மகள் மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். எதிரில் நின்றவர்கள் யார் என்பதையும் பார்க்கச் சொன்னீர்கள், ஐந்து வட்டாரத்திலும் அதே பெரிய கட்சிகள்தான், சுயேச்சைக் குழு மட்டும் ஓரிடத்தில் கூட.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்து, "இது எந்த வாக்குச் சாவடி, இது எந்தத் தோட்டம்" என்று கேட்கத் தொடங்கினார். சாவடி வாரியாக எங்களிடம் இல்லை, ஏனென்றால் வட்டாரத்துக்கு மொத்தமாகத்தான் கிடைத்தது. மறுபடி நிற்பாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தாளைத் திருப்பித் தரவும் இல்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புதிய மெம்பரிடமும் போக இருக்கிறோம், கான் விஷயமாக. பழைய மெம்பர் எந்த இடத்தில் அடைப்பு வரும் என்று எழுதித் தருகிறேன் என்றார்.

கடற்கரை வீதி அண்ணா, நீங்கள் உதவுவதாகச் சொன்னது நிஜம் என்றால் கொழும்பு 13, 14, 15 வட்டாரங்களின் 2018 பெயர்களை நான் தட்டச்சு செய்து தருகிறேன். 2025-இல் வேட்புமனு கிடைத்ததா என்ற நிரலை மலர் அக்காவும் லிகிதர் ஐயாவும் சேர்ந்து நிரப்ப முடியுமா?